வில்லா, துப்பாக்கியா? பனிநாட்டு வேடரின் கணக்கு



வேட்டை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர்கள் அரசர்களும் ஜமீன்தார்களும், அவர்களுக்காகப் பறையறைந்து விலங்குகளை ஓட்டிவரும் ஆட்களுமே ஆவர். அத்தகைய செல்வர்களுக்குக் கருவியைப் பற்றிய கவலை இல்லை. புதிய துப்பாக்கி வந்தது என்று கேள்விப்பட்டால் வாங்கிக் கொள்வார்கள். பழையது மாளிகைச் சுவரில் அழகுக்குத் தொங்கும். ஆனால் உலக வரலாற்றில் வேட்டையாடியவர்களுள் மிகப் பலர் அரசர்கள் அல்லர். அன்றாட உணவுக்காகவும் குளிருக்குப் போர்த்தும் தோலுக்காகவும் வேட்டையாடிய எளிய மக்களே. அவர்களுடைய கையிருப்பு சிறிது. காப்பாற்ற வேண்டிய குடும்பமோ பெரிது. புதிய கருவி ஒன்று கண்ணெதிரே வந்து நிற்கும்போது அவர்கள் என்ன செய்தார்கள்? இருப்பதைக் கொண்டே காலம் தள்ளினார்களா? பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கினார்களா? வாங்குவது என்றால் எப்பொழுது, எதைக் கொடுத்து, எந்த அளவுக்கு வாங்கினார்கள்?

இவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு குடும்பம் குளிர்காலத்தைக் கடந்து உயிரோடு இருக்குமா, இராதா என்பதே சில வேளைகளில் இக்கேள்விகளுக்குத் தந்த விடையைப் பொறுத்திருந்தது. அதனை விளக்க, வட அமெரிக்காவின் பனி நாட்டில் நிகழ்ந்த வரலாறு ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வட அமெரிக்காவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கனடாவின் வடபாகத்தைக் குடைந்துகொண்டு உள்ளே நுழைந்திருக்கும் பெரிய கடல் ஹட்சன் விரிகுடா ஆகும். ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்து கிடக்கும். 1670ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் சார்லஸ், தம் உறவினராகிய இளவரசர் ரூபர்ட் முதலிய சிலருக்கு அவ்விரிகுடாப் பகுதியில் வாணிகம் செய்யும் தனியுரிமையை வழங்கினார். அதுவே ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பிறப்பு. அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன் நம் சென்னைக் கடற்கரையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை எழுப்பத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியைப் போன்றதே இதுவும். அங்கு அவர்கள் தேடியது துணியும் மிளகும் அன்று. பீவர் என்னும் விலங்கின் தோல். ஓடைகளில் மரங்களைக் கடித்து வீழ்த்தி அணை கட்டி வாழும் பிராணி அது. அதன் மென்மயிரால் செய்யப்பட்ட தொப்பிகளுக்கு ஐரோப்பாவில் பெருமதிப்பு இருந்தது.

விரிகுடாவின் மேற்குக் கரையில், ஹேய்ஸ் என்னும் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி, கம்பெனி அமைத்த பண்டகசாலைக்கு யார்க் பாக்டரி என்று பெயர். பாக்டரி என்றதும் புகைபோக்கியும் இயந்திரமும் உங்கள் நினைவுக்கு வர வேண்டா. பாக்டர் எனப்பட்ட வணிக முகவர் தங்கும் இடத்திற்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. கிரீ, அசினிபோயின் முதலிய இனங்களைச் சேர்ந்த வேடர்கள் பனி உருகியதும் தோணிகளில் தோல்களை ஏற்றிக்கொண்டு, பல நாள் ஆற்றுவழியே பயணம் செய்து அங்கு வந்து சேர்வார்கள்.

அங்கு நாணயம் வழங்கவில்லை. நன்கு வளர்ந்த ஒரு பீவரின் குளிர்காலத் தோலே நாணயம். கத்தி, கோடரி, பித்தளைக் கெண்டி, கம்பளி, புகையிலை ஆகிய எல்லாவற்றுக்கும் இத்தனை தோல் என்று விலைப்பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கியின் விலை, அதன் நீளத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப, ஏறத்தாழ 10 முதல் 14 தோல்கள் வரை இருந்தது. துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் உயரத்திற்குத் தோல்களை அடுக்கச் சொல்லி வாங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாயிருக்கும் கதை. ஆனால் கம்பெனியின் கணக்கேடுகள் அதனை ஒப்பவில்லை. வந்தவர்கள் விலையறியாத பேதைகள் அல்லர். எதற்கு எவ்வளவு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். கம்பெனியார் மருந்தளக்கும் படியைக் குறைத்து அளந்தபோது, படி நிறைய அளக்க வேண்டும் என்று நேருக்கு நேர் கேட்டார்கள். போட்டியாகப் பிரெஞ்சு வணிகர்கள் உள்நாட்டில் இருந்தமையால், இங்கு ஒவ்வாவிட்டால் அங்குச் செல்லவும் அவர்களால் முடிந்தது.

இனி, அந்த வேடன் வாங்கிய பொருள் யாது என்று காண்போம். அது சிக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கச் செய்யும் துப்பாக்கி. குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டையோ ரவையையோ இட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். பின்னர் விசையை இழுத்தால் கல் எஃகில் உராய்ந்து பொறி விழும், மருந்து பற்றும். ஒரு முறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்குள், தேர்ந்த வில்லாளி பல அம்புகளை எய்துவிடுவான். மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கழிதான். ஓசையோ ஒரு காதம் கேட்கும். ஒரு விலங்கு விழுந்தால் மற்றவை ஓடிவிடும்.

அப்படியாயின் அதனை ஏன் வாங்கினார்கள்? காரணம் இருந்தது. அத்துப்பாக்கியின் உட்குழல் வழவழப்பானது. ஒற்றைக் குண்டை இட்டால் மூஸ் என்னும் பெருமானை வீழ்த்தலாம். அதே குழலில் சிறு ரவைகளை இட்டால் கூட்டமாக இறங்கும் பெருவாத்துகளைச் சுடலாம். ஒரு கருவி இருவேலை செய்தது. மேலும், அம்பு தைத்த மான் நெடுந்தூரம் ஓடி மறையக்கூடும். குண்டு பட்டதோ பெரும்பாலும் அருகிலேயே விழும். அடர்ந்த காட்டில், ஆழ்ந்த பனியில், பசித்த வயிற்றோடு தொடர்ந்து ஓட முடியாதவனுக்கு இது சிறிய நன்மை அன்று. பகைவரிடம் துப்பாக்கி இருக்கும்போது தம்மிடம் இல்லாதிருப்பது ஆபத்து என்பதும் ஒரு காரணம்.

ஆகவே வாங்கியது அறியாமையால் அன்று. ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்கியது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது நம் பழமொழி. துப்பாக்கிக்கு ஒருமுறை தோல் கொடுத்தால் போதும். மருந்துக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். ஒரு தோலுக்கு ஏறத்தாழ ஒரு ராத்தல் முதல் ஒன்றரை ராத்தல் வரை மருந்தும், வேறொரு தோலுக்கு நான்கைந்து ராத்தல் ரவையும் கிடைத்தன. சிக்கிமுக்கிக் கல் தேய்ந்துபோகும், புதிது வேண்டும். குழலைத் துடைக்கும் திருகு கம்பி வேண்டும். விசை உடைந்தால் கொல்லன் வேண்டும். கொல்லனோ கோட்டையில் இருந்தான், வேடனோ பலநாள் பயணத்திற்கு அப்பால் இருந்தான். கடுங்குளிரில் இரும்பு நொறுங்கும் இயல்புடையது. குழலின் வாயில் பனி அடைத்திருப்பதைக் காணாமல் சுட்டாலோ, மருந்தை மிகுத்துவிட்டாலோ குழல் வெடித்துக் கைவிரல்கள் போய்விடும். இவையெல்லாம் விலைப்பட்டியலில் எழுதப்படாத விலைகள்.

வில்லின் கணக்கோ வேறு. மரம் காட்டில் இருந்தது. நாணுக்கு வேண்டிய தசைநார் கொன்ற விலங்கிலேயே இருந்தது. அம்பு முறிந்தால் இன்னொன்றைச் சீவலாம். முறியாவிட்டால் எடுத்து மீண்டும் எய்யலாம். கரிமருந்தை அவ்வாறு செய்துகொள்ள இயலாது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கூட்டு அது. அக்காலத்தில் இங்கிலாந்தின் மருந்தாலைகள் பயன்படுத்திய வெடியுப்பில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து, சிறப்பாகப் பீகாரிலிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சென்றது. பீகாரின் மண்ணில் விளைந்த உப்பு லண்டனுக்குப் போய், மருந்தாகி, மீண்டும் கப்பலேறி, பனிக்கட்டிகளுக்கிடையே ஹட்சன் விரிகுடாவை அடைந்தால்தான் கிரீ வேடன் ஒருவன் ஒரு வாத்தைச் சுட முடியும்! கயிறு எத்தனை நீளம், அது எத்தனை இடங்களில் அறுந்துபோகக் கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அது அறுந்தும் போயிற்று. 1697ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் திபெர்வில் என்பவர் யார்க் பாக்டரியைக் கைப்பற்றினார். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பூர்போன் கோட்டை எனப் பெயரிட்டார்கள். ஐரோப்பாவில் மூண்டிருந்த போரின் காரணமாகப் பிரான்சிலிருந்து சரக்குக் கப்பல்கள் ஒழுங்காக வரவில்லை. 1708 முதல் அக்கோட்டையின் தலைவராயிருந்த நிக்கொலா ஜெரெமி என்பவர் அக்காலத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மருந்து குறைந்துபோனமையால் அவர் அதனை வேடர்களுக்கு விற்கவில்லை. வில்லைக் கைவிட்டுத் துப்பாக்கியையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்டினி கிடந்தன. 1712ஆம் ஆண்டு கோட்டையிலிருந்து கரிபு மான் வேட்டைக்கென்று ஜெரெமி அனுப்பிய ஆட்கள், அவ்வாறு மருந்தின்றிப் பசித்திருந்த வேடர்களின் அருகே கூடாரம் அடித்தார்கள். தமக்கு மறுக்கப்பட்ட மருந்தைக் கொண்டு அயலார் மான்களைச் சுட்டு உண்பதை அவர்கள் கண்டார்கள். முடிவில் அந்தப் பிரெஞ்சுக்காரர்களைக் கொன்றுவிட்டார்கள்.

1713ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கையின்படி அவ்விடம் மீண்டும் ஆங்கிலேயருக்கு வந்தது. 1714இல் அதனை ஏற்றுக்கொண்ட ஜேம்ஸ் நைட் என்ற முதிய வணிகரும், வில்வித்தை மறந்தவர்கள் மருந்தின்றி வருந்தினர் என்றே எழுதினார். துன்பம் அத்துடன் நின்றதா? இல்லை. 1715இல் கம்பெனியின் கப்பல் துறையை அடையாமலே திரும்பிப் போய்விட்டது. நெடுந்தொலைவிலிருந்து தோல்களோடு வந்து காத்திருந்தவர்களுக்குக் கொடுக்க நைட்டிடம் சரக்கு இல்லை. கையில் செல்வம் இருந்தது. வாங்கப் பொருள் இல்லை.

இங்கே வரலாறு பயிலும் மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஜெரெமியும் நைட்டும் வணிகர்கள். நாங்கள் இல்லாவிட்டால் இம்மக்கள் வாழ முடியாது என்று எழுதுவது வணிகருக்கு இனிய செய்தி. ஆகவே அவர்கள் சொல்லை அப்படியே எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுதல் கூடாது. கோட்டையைச் சுற்றி வாழ்ந்து, கோட்டைக்காரர்களுக்கே வாத்தும் மானும் வேட்டையாடித் தந்தவர்கள் மருந்தை மிகுதியாக நம்பியிருந்தனர். உள்நாட்டில் வாழ்ந்தவர்கள் வில்லையும் கண்ணியையும் மீன்வேலியையும் கைவிடவில்லை. ஒரே துப்பாக்கி, ஒரே விலை; ஆனால் பழைய கருவியை வைத்துக்கொண்டு புதியதை வாங்கியவன் ஒரு நிலையிலும், பழையதை மறந்து புதியதை வாங்கியவன் வேறொரு நிலையிலும் நின்றார்கள். இவ்வேறுபாட்டைத்தான் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

துன்பம் மனிதனைக் கணக்குப் பார்க்கச் செய்கிறது. யார்க் பாக்டரியில் பதினெட்டாம் நூற்றாண்டில் பணியாற்றிய ஆண்ட்ரூ கிரஹாம் என்பவர், தோல் கொண்டுவந்த வேடர் தலைவர்கள் வாணிகம் தொடங்குமுன் ஆற்றும் உரையின் பொருளைக் குறித்து வைத்தார். அவர்கள் கேட்டவை யாவை? துப்பாக்கி இலேசாக இருக்க வேண்டும். கைப்பிடியில் அடங்க வேண்டும். வடிவம் சீராக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் விசை உறைந்துபோகக் கூடாது. எத்துணை நுட்பமான கோரிக்கைகள்! நாள் முழுவதும் பனியில் சுமந்து நடப்பவனுக்கு ஒவ்வொரு பலமும் சுமை. உறைந்த விசையோ பசித்த இரவு.

இத்தகைய வற்புறுத்தலால் இங்கிலாந்தின் கொல்லர்கள் தங்கள் சரக்கை மாற்றிக் கொண்டார்கள். லண்டனிலும் பர்மிங்காமிலும் செய்யப்பட்ட வாணிகத் துப்பாக்கி மெல்ல ஓர் உருவம் பெற்றது. தடித்த கையுறையோடு விரலை நுழைப்பதற்கு ஏற்றவாறு விசையைச் சுற்றிய காப்பு வளையம் பெரிதாயிற்று. குழல் மூன்று அடி, மூன்றரை அடி, நான்கு அடி என்ற அளவுகளில் வந்தது. பிற்காலத்தில் குழலின் வாய், ஒரு ராத்தல் ஈயத்தில் 24 குண்டுகள் வார்க்கும் அளவு என்று ஒரே தரமாக நிலைபெற்றது. பக்கத் தகட்டில் பாம்பு போன்ற உருவம் ஒன்று பித்தளையில் பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வுருவம் இல்லாத துப்பாக்கியை வேடர்கள் வாங்க மறுத்தார்கள். இதனை மூடநம்பிக்கை என்று சிலர் எழுதினார்கள். ஆனால் எழுத்தறியாத ஊரில், பலமுறை பழகி நம்பிய சரக்கை அடையாளம் காணும் வழி அதுவே. இன்று நாம் முத்திரை பார்த்துப் பொருள் வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

வாங்கியதை வீணாக்கவும் இல்லை. முனை வெடித்த குழலை வெட்டிக் குட்டையாக்கிப் பயன்படுத்தினார்கள். முற்றும் கெட்ட குழலின் நுனியைத் தட்டையாக அடித்துப் பெண்கள் தோல் சுரண்டும் கருவியாக்கிக் கொண்டார்கள். ஒரு பொருளின் முதல் ஆயுள் முடிந்தபின் அதற்கு இரண்டாம் ஆயுள் உண்டு என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள்.

இதுவரை காட்டைப் பார்த்தோம். இனி அதற்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கும் புல்வெளிக்கு வருவோம். அங்கே பைசன் என்னும் காட்டெருதுகள் கோடிக்கணக்கில் மேய்ந்தன. ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் வடபுல்வெளி வரை பரவின. பிளாக்ஃபுட் முதலிய இனத்தவர் குதிரைமீதிருந்து காட்டெருதை விரட்டி வேட்டையாடக் கற்றனர். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஆயினும் காட்டெருது வேட்டைக்கு அவர்களுள் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரும் வில்லையே எடுத்தார்கள். ஏன்?

பாயும் குதிரையின் மேல் அமர்ந்து, மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடிப்பது எளிதா? குட்டையான வில்லோ ஒரு கணத்தில் வளையும். தசைநார் ஒட்டி வலுவேற்றிய அவ்வில்லிலிருந்து மிக அருகே சென்று எய்த அம்பு காட்டெருதின் விலாவில் ஆழப் பாயும். எய்தவனின் அடையாளம் அம்பிலேயே இருந்தமையால், வேட்டை முடிந்தபின் எந்த விலங்கு எவருடையது என்ற வழக்கும் எழாது. ஆகவே அவர்கள் துப்பாக்கியைப் போருக்கும் பிற வேட்டைக்கும் வைத்துக்கொண்டு, காட்டெருதுக்கு வில்லைத் தொடர்ந்து வைத்திருந்தார்கள். இது பழமைப் பற்று அன்று, தேர்ந்த கணக்கு.

அந்தக் கணக்கில் இன்னும் நுட்பமான ஒரு வரி உண்டு. வில்லை வைத்துக்கொண்ட அவர்கள் அம்பின் முனையை மாத்திரம் மாற்றிக் கொண்டார்கள். கல்முனையைச் செதுக்க நெடுநேரம் பிடிக்கும். அது எலும்பில் பட்டு உடையும். பழைய இரும்புச் சட்டியையும் பீப்பாயின் இரும்புப் பட்டையையும் வெட்டி, அராவி, முனையாக்கினார்கள். தேய்ந்த பாத்திரம் ஒன்றிலிருந்து பல அம்புமுனைகள் கிடைத்தன. மருந்தும் வேண்டாம், கொல்லனும் வேண்டாம். முழுக் கருவியையும் மாற்றாமல், அதன் குறையுள்ள ஒரு பகுதியை மாத்திரம் மாற்றுவதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எனினும் ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தும் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. அதே புல்வெளியில், ஐரோப்பியருக்கும் பழங்குடியினருக்கும் பிறந்த வழியினராகிய மேட்டி மக்கள் துப்பாக்கியைக் கொண்டே காட்டெருதை வேட்டையாடினார்கள். செந்நதிக் குடியிருப்பிலிருந்து ஆண்டுதோறும் அவர்கள் கூட்டமாகப் புறப்படுவார்கள். 1840ஆம் ஆண்டு புறப்பட்ட கூட்டத்தில் 1,630 மக்களும் 1,210 வண்டிகளும் இருந்ததாக அதனை நேரில் கண்ட அலெக்ஸாண்டர் ராஸ் எழுதியுள்ளார். மேட்டி வேடர்கள் ஈயக் குண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டு, குதிரை ஓடும்போதே மருந்தைக் கொட்டி, குண்டைக் குழலுக்குள் உமிழ்ந்து சுட்டார்கள். குண்டு சரியாக இறங்காவிட்டால் குழல் வெடிக்கும் அபாயம் உண்டு. ஆனால் அவர்களுக்கு மருந்து விற்கும் கடை குடியிருப்பின் அருகிலேயே இருந்தது. இறைச்சியை வாங்கும் கம்பெனியும் அங்கேயே இருந்தது. வரவும் செலவும் ஓரிடத்தில் நேராயின. எவனுக்கு எது ஏற்றது என்பது கருவியை மாத்திரம் பார்த்துத் தீர்மானிக்கத்தக்கது அன்று. அவன் நிற்கும் இடத்தையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

பின்னர் ஒரு காலம் வந்தது. 1860இல் ஹென்றி என்பவர் உரிமம் பெற்ற ரைபிளும், அதன்வழி 1866இலும் 1873இலும் வந்த வின்செஸ்டர் ரைபிள்களும் ஒருமுறை நிரப்பினால் பல முறை சுட வல்லவை. உலோகத் தோட்டாவுக்குள் மருந்தும் குண்டும் ஒருங்கே அடங்கியிருந்தன. மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. குதிரைமேல் இருந்தும் சுடலாம். வில்லின் பழைய மேன்மைகள் ஒவ்வொன்றாக விடை பெற்றன. இப்பொழுது மாற்றிக்கொள்வதற்கு உண்மையான காரணம் பிறந்தது. புல்வெளி வேடர்களும் மாற்றிக் கொண்டார்கள். நூறாண்டு காத்திருந்தது மடமையும் அன்று. இப்பொழுது மாறியது அவசரமும் அன்று.

ஆனால் கருவி வல்லதானபோது வேட்டைப்பொருள் எஞ்சியிருக்க வேண்டுமே! 1871 முதல் காட்டெருதின் தோலை ஆலைகளில் பதப்படுத்தும் முறை பரவியதும், இரயில் பாதையோடு வந்த தோல் வணிக வேட்டைக்காரர்கள் தொலைதூரம் சுடும் கனத்த ரைபிள்களால் மந்தை மந்தையாகக் கொன்று குவித்தார்கள். 1883ஆம் ஆண்டளவில் வடபுல்வெளியின் பெருமந்தைகளும் ஒழிந்தன. 1889இல் ஹார்னடே என்ற விலங்கியலறிஞர் எஞ்சியவற்றைக் கணக்கெடுத்தபோது, காப்பில் இருந்தவற்றையும் சேர்த்து ஆயிரத்தை ஒட்டியே தேறின. பசிக்காக வேட்டையாடியவர்கள் கையில் நல்ல கருவி வந்து சேர்ந்த வேளையில், சந்தைக்காக வேட்டையாடியவர்கள் அவர்களுடைய களஞ்சியத்தையே காலி செய்துவிட்டார்கள். எந்தச் சிக்கனமும் இந்த நட்டத்தை ஈடு செய்ய முடியவில்லை.

இன்னொரு நாட்டையும் தொட்டுக் காட்டி முடிக்கிறேன். இன்னும் வடக்கே, பனிக்கடலின் ஓரத்தில் வாழும் இன்யூட் மக்கள் சீல் என்னும் கடல்நாயை வேட்டையாடுகிறார்கள். ரைபிள் அவர்களிடமும் வந்தது. தொலைவிலிருந்தே சுட முடிந்தது. ஆனால் கோடையில் கொழுப்புக் குறைந்த சீல், பனி உருகிய நன்னீர் மேற்பரப்பில் பரவியிருக்கும்போது சுடப்பட்டால், கல்லைப் போல மூழ்கிவிடும். கொன்றும் பயனில்லை, உயிரும் போயிற்று, தோட்டாவும் போயிற்று. ஆகவே கயிறு கட்டிய பழைய எறியீட்டியை அவர்கள் விட்டுவிடவில்லை. கிரீன்லாந்தின் வடமேற்கிலுள்ள கானாக் பகுதியில், நார்வால் என்னும் திமிங்கிலத்தைச் சுடுவதற்கு முன் எறியீட்டியால் குத்தியிருத்தல் வேண்டும் என்பது இன்றும் விதியாக உள்ளது. அங்கே புதிய கருவியும் பழைய கருவியும் எதிரிகள் அல்ல. ஒரே தோணியில் செல்லும் துணைவர்கள்.

மாணவர்களே, நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது; அது நன்றே. வேட்டைக் கருவி வாங்கும் வழியை உங்களுக்குக் கற்பிப்பது என் நோக்கம் அன்று. ஆனால் சிறு முதலை வைத்துக்கொண்டு கருவி வாங்கும் உழவரும் மீனவரும் தச்சரும் நெசவாளரும் நாள்தோறும் இதே கேள்வியின் முன் நிற்கிறார்கள். நாளை நீங்களும் நிற்பீர்கள். அப்பொழுது அந்தப் பனிநாட்டு வேடர்களின் அனுபவம் உங்களுக்குச் சில கேள்விகளைக் கேட்கக் கற்றுத்தரும். என் பழைய கருவி எந்த வேலையில் தோற்கிறது? அந்தத் தோல்வியைத்தான் புதியது தீர்க்கிறதா, அல்லது வேறு எதையோ தீர்க்கிறதா? வாங்கியபின் ஆண்டுதோறும் அது என்னிடம் என்ன கேட்கும்? அதற்கு வேண்டிய உணவு என் ஊரில் விளைகிறதா, அன்றி எவரோ ஒருவர் கப்பலில் அனுப்பினால்தான் உண்டா? முழுவதையும் மாற்றாமல் முனையை மாத்திரம் மாற்றினால் போதாதா? இவற்றுக்கு விடை கண்டபின் வாங்குங்கள். வாங்கிய பின்னரும், புதியது ஒரு குளிர்காலமேனும் தாங்கும் என்று காணும்வரை பழையதை எறிந்துவிடாதீர்கள்.

அவ்வேடர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எழுதிய ஏடும் இல்லை. அவர்களுக்கு விற்றவர்களின் கணக்கேடுகளே நமக்குச் சான்று. ஆனால் அந்த ஏட்டின் வரிகளைக் கூர்ந்து படித்தால், பண்டகசாலையின் பலகைக்கு முன்னே நின்று, துப்பாக்கியைக் கையில் ஏந்தி எடை பார்த்து, விசையை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்து, தோணியில் இருக்கும் தோல்களையும் குடிசையில் இருக்கும் பிள்ளைகளையும் மனத்துக்குள் எண்ணிக் கணக்கிடும் ஒரு மனிதனை நாம் காண்கிறோம். அரசர்களின் போர்களைப் படிப்பதோடு அந்த மனிதனின் கணக்கையும் படிப்பவனே வரலாற்றை முழுமையாகப் படித்தவன் ஆவான்.